கிணற்றடிச் செம்பருத்தி

நம் வீட்டுக் கிணற்றடியில் ஒரு செம்பருத்திச் செடி இருக்கிறது. நம் தாயார் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் தம் கையால் ஊன்றிய குச்சி அது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒற்றை அடுக்கு, ஐந்தே இதழ், நல்ல இரத்தச் சிவப்பு. விடியற்காலையில் ஸ்நானம் செய்துவிட்டுப் பூக்குடலையும் கையுமாக அந்தச் செடியண்டை போய் நின்று, பத்துப் பன்னிரண்டு பூக்களைப் பறித்து வந்த பிறகுதான் தாயாருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

ஆனால் காலம் சும்மா இருக்கிறதா? செடியும் சும்மா இருக்கவில்லை. நாம் அதைக் கவனியாமல் விட்ட சில வருஷங்களில் அது பதினான்கு அடி உயரம் போய்விட்டது. பூக்களெல்லாம் உச்சியில் மதிலுக்கு மேலே பூத்தன. காக்கைக்கும் அடுத்த வீட்டு மாடியிலிருப்பவர்களுக்கும் அவை நல்ல தரிசனம் தந்தன. நமக்குக் கிடைத்ததோ கீழே நின்ற மொட்டைத் தண்டுகளும், உள்ளே பின்னிக் கிடந்த உலர்ந்த சுள்ளிகளும், அவற்றின் மேல் சாரை சாரையாக ஏறி இறங்கிய எறும்புகளுந்தான். நாளுக்குப் பத்துப் பூக்கள் தந்த செடி, வாரத்துக்கு நாலு பூக்களுக்கு வந்துவிட்டது. அந்த நாலையும் எட்டிப் பறிப்பதற்காக எழுபத்தெட்டு வயதுத் தாயார் ஒரு நாள் தொரட்டிக் கோலைத் தூக்கிக் கொண்டு ஈரமான கிணற்றடிக் கல்லின் மேல் ஏறினார். கால் வழுக்கிற்று. துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக் கொண்டதால் பிழைத்தார்.

அன்று மாலை வீட்டில் ஒரு சிறு மகாநாடு கூடியது. "செடிக்கு வயதாகிவிட்டது. வேரோடு தோண்டி எறிந்துவிட்டு இரண்டு தொட்டிகளில் குரோட்டன்ஸ் வைத்துவிடலாம்" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும் தறுவாயில் இருந்தது. அப்போது தாயார் வாய் திறந்தார். "வயசான செடியைத் தோண்டிப் போட வேண்டுமென்கிறீர்கள். எனக்கும்தான் வயசாகிவிட்டது" என்றார். மகாநாடு அத்துடன் கலைந்தது.

நேயர்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு செடி இருக்கும். செம்பருத்தியாக இல்லாவிட்டால் நந்தியாவட்டை, அதுவும் இல்லாவிட்டால் மருதாணியோ வெட்சியோ அரளியோ இருக்கும். என்றும் பசுமையாக நிற்கிற இந்தச் செடிகள் ஒரு நாள் நம் கையை மீறிப் புதராகிவிடுகின்றன. அவற்றைத் தோண்டி எறிவதற்கு முன்னால் அரிவாளையும் கத்தரியையும் கொண்டு செய்து பார்க்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. தோட்டக்காரர்கள் அதற்குக் கவாத்து என்று பெயர் சொல்லுகிறார்கள். போலீஸ் மைதானத்தில் நடப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டிலும் ஒழுங்கு வருவது வாஸ்தவம். ஆனால் செடியை உத்தரவு போட்டு நிமிர்த்த முடியாது. அதன் சுபாவத்தை அறிந்துதான் வேலை வாங்க வேண்டும்.

முதல் வெட்டு

அந்தச் சுபாவத்தை அறியாமல் நாம் முதலில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். சித்திரை மாதத்து நடு வெயிலில் வேலையாள் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, க்ஷவரம் செய்வதுபோலச் செடியின் வெளிப்புறம் முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டினார். பார்ப்பதற்கு வெகு அழகாக, பச்சைப் பெட்டி வைத்தாற்போல் இருந்தது. நாமும் மகிழ்ந்து கூலி கொடுத்து அனுப்பினோம்.

மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வெட்டிய ஒவ்வொரு நுனிக்கும் கீழே மூன்று நான்கு தளிர்கள் வெடித்து, வெளிப்புறம் முன்னைவிட அடர்த்தியான கூரையாகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் நல்ல இருட்டு. அந்த இருட்டில் மிச்சமிருந்த இலைகளும் பழுத்து உதிர்ந்தன. மேற்குப் பக்கத்தில் அதுவரை நிழலிலேயே இருந்த இரண்டு தண்டுகள் திடீரென்று வெயில் பட்டுப் பட்டை வெந்து வெடித்தன. பூவோ அடியோடு நின்றுவிட்டது. செம்பருத்தி புதிதாக வளரும் கிளையில், இலைக் கக்கத்தில்தான் மொட்டு வைக்கும். மாதா மாதம் நுனியைக் கத்தரித்துக் கொண்டே இருந்தால் மொட்டு எங்கிருந்து வரும்?

இதிலிருந்து ஒன்று தெரிந்தது. நம் செடி முதுமையால் நலியவில்லை. தன் நிழலிலேயே தான் நலிந்து கொண்டிருந்தது. அதற்கு வேண்டியிருந்தது அலங்காரமல்ல, உள்ளே வெளிச்சம்.

உறங்கும் மொட்டுகள்

செடி ஏன் உயர உயர ஓடுகிறது? ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு மொட்டு உண்டு. அதற்குக் கீழே ஒவ்வோர் இலைக் கணுவிலும் மொட்டு உண்டு. ஆனால் நுனியிலிருப்பது அரசனைப்போல் ஆட்சி செய்து மற்றவற்றை உறங்க வைத்துவிடுகிறது. நுனியில் வளர்ச்சிப் பொருள் ஒன்று சுரக்கிறது என்பதை ஹாலந்து தேசத்து விஞ்ஞானி பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளைகளைக் கொண்டு நிரூபித்து 1928இல் வெளியிட்டார். அதற்கு ஆக்ஸின் என்று பெயர். 1933இல் திமன், ஸ்கூக் என்ற இருவர் அவரைச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் நுனியைக் கிள்ளினார்கள். பக்க மொட்டுகள் கிளம்பின. கிள்ளிய இடத்தில் ஆக்ஸினை வைத்தார்கள். நுனி இல்லாமலே மொட்டுகள் மறுபடி அடங்கிவிட்டன!

கதை அத்துடன் முடியவில்லை. ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேறொரு பொருளும் கிளைப்பதைத் தடுக்கிறது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். நுனியை வெட்டியதும் அது உண்டு கொண்டிருந்த சர்க்கரை கீழே மிச்சமாகிறது என்றும், மொட்டுகளை முதலில் எழுப்புவது அந்தச் சர்க்கரையே என்றும் 2014இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு காட்டினார்கள். இல்லறத்தாருக்கு இதன் சாரம் ஒன்றுதான்: நுனியை எடுத்தால் கீழே உறங்குகிறது எழும். எங்கே வெட்டுகிறோமோ அதற்குச் சற்றுக் கீழேதான் எழும். ஆகவே, கீழே கிளை வேண்டுமானால் கீழேதான் வெட்ட வேண்டும். மேலே வெட்டிவிட்டுக் கீழே தளிர்க்கவில்லையே என்று ஏங்குவது வீண்.

தேயிலை கற்பித்த பாடம்

நமக்குத் துணிவு வந்தது குன்னூர்ப் பக்கம் போயிருந்தபோதுதான். தேயிலைச் செடியும் என்றும் பசுமையான இனமே. அஸ்ஸாம் ஜாதியைத் தன்போக்கில் விட்டால் முப்பது அடிக்கு மேலும் மரமாக வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைப்பது கவாத்துதான். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை அதைத் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்கு வெட்டிவிடுகிறார்கள். அப்போது பார்த்தால் மலைச் சரிவு முழுவதும் குச்சி நட்டு வைத்தாற்போல் இருக்கும். இனி இது பிழைக்குமா என்று வயிறு கலங்கும். சில மாதங்கள் கழித்துப் போனால் அதே சரிவு இளந்தளிராக நிற்கும்.

அங்கே வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் நமக்கு இரண்டு விஷயங்களைக் காட்டினார். பென்சில் பருமனுள்ள ஒரு வேரைத் தோண்டி எடுத்து, குறுக்கே நறுக்கி, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டார். வெட்டுவாய் கருநீலமாயிற்று. "வேரில் மாவு இருக்கிறது. இனி வெட்டலாம்" என்றார். இலை இல்லாத செடி புதுத் தளிர் விடுவதற்கு வேரில் சேமித்து வைத்த மாவுச் சத்துதான் கைமுதல். வேர் நிறம் மாறாவிட்டால் வெட்டுவதைத் தள்ளிப் போட்டு, இலை பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பார்களாம். இரண்டாவது விஷயம்: கடுமையாக வெட்டும் செடிகளில் ஓரத்தில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டு வைக்கிறார்கள். புதுத் தளிர் வரும் வரையில் செடிக்கு ஆகாரம் தேடித் தருவது அந்தக் கிளைகள்தான். தோட்டங்களில் அவற்றை நுரையீரல் என்றே சொல்லுகிறார்கள்.

நம் ஊர் மல்லிகை விவசாயிகளுக்கும் இந்த வித்தை புதிதல்ல. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே வெட்டிவிடுகிறார்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டாத மல்லிகை கொடியாக ஓடுமே தவிரக் கூடை நிறையாது.

மூன்று தை மாதங்கள்

ஊர் திரும்பியதும் தை மாதத்தை எதிர்பார்த்திருந்தோம். வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிற்க, வெயில் இன்னும் ஏறாத காலம் அது. அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வெட்டினால் என்ன ஆகுமென்பதை முன்னமே அனுபவித்தாயிற்று.

முதலில் கிளைகளை விலக்கிக் கூடு இருக்கிறதா என்று பார்த்தோம். தையல் சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது இப்படிப்பட்ட புதர்களில்தான். முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நம் செடியில் பழைய கூடு ஒன்றே இருந்தது.

பிறகு ஒவ்வொரு தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தோம். பட்டைக்குக் கீழே பச்சையாயிருந்தால் உயிர் உண்டு, பழுப்பாயிருந்தால் போய்விட்டது. போனவற்றையும், பூச்சி பிடித்தவற்றையும், ஒன்றோடொன்று உராய்ந்து காயப்பட்டவற்றையும் முதலில் எடுத்தோம். இவ்வளவிலேயே செடியின் உள்ளே வெளிச்சம் புகுந்தது.

மிஞ்சியவை தரையிலிருந்து எழுந்த ஒன்பது தண்டுகள். அவற்றுள் மிகப் பழையவையான மூன்றை மட்டும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அறுத்தோம். மற்ற ஆறும் அந்த வருஷத்துக்கு நுரையீரல். அடுத்த தையில் மூன்று. அதற்கடுத்த தையில் கடைசி மூன்று. ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்பது விரதம். செம்பருத்தி பலமுள்ள செடி. ஒரேயடியாக முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். ஆயினும் தாயாரின் செடியை வைத்துப் பெரும்பாலும் என்ற சொல்லைப் பரீக்ஷை பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

வெட்டும் விதத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். கட்டை விரல் பருமன் வரையில் கவாத்துக் கத்தரி போதும். அதற்கு மேல் கை ரம்பம் வேண்டும். அரிவாளால் கொத்தினால் தண்டு பிளந்து சிம்பு எழும். பருத்த கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தால் முறிந்து, பட்டையை நெடுக உரித்துக் கொண்டு விழும். மெல்லிய கிளையை வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். உட்புறம் நோக்கிய மொட்டின் மேல் வெட்டினால் தளிர் மறுபடி இருட்டுக்குள்ளேயே போகும்.

கிளையை அடியோடு எடுப்பதானால், அது தாய்த் தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப் பட்டைபோல் ஒரு வீக்கம் தெரியும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுப்பதே முறை. காயத்தை மூடும் புதுப் பட்டை அதிலிருந்துதான் வளருகிறது. அமெரிக்க வன இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரம் மனிதனைப்போல் புண்ணை ஆற்றிக் கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970களில் விளக்கினார். வெட்டுவாயில் தாரும் பெயிண்டும் பூசுவதால் பிரயோசனமில்லை என்பதும் அவர் கண்ட உண்மை. சுத்தமான வெட்டே நல்ல மருந்து. ஆகவே கத்தரியைச் சாணை பிடித்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் கொண்டே வேலை செய்தோம்.

வெட்டிய மூன்று கட்டைகளும் நான்கு வாரம் அசையவில்லை. தாயார் தினமும் காலையில் போய் அவற்றைப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் திரும்புவார். நமக்கு உள்ளூரக் குற்றவாளியின் நிலைதான். ஐந்தாவது வாரத்தில் பட்டையைத் துளைத்துக் கொண்டு கடுகுபோல் பச்சைப் பொட்டுகள் தோன்றின. பத்து நாளில் அவை தளிர்களாயின. ஒவ்வொரு கட்டையிலும் நல்லவையாக மூன்று நான்கை மட்டும் வைத்துக் கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டோம். ஒரு முழம் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் ஒரே ஒரு முறை கிள்ளிவிட்டோம்; பக்கக் கிளைகள் வந்தன. அதன் பிறகு கை வைக்கவில்லை.

பின்பராமரிப்பில் அதிக ஆர்வம் ஆபத்து. இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். ஆகவே மண் காய்ந்த பிறகுதான் பாய்ச்ச வேண்டும். வெயில் ஏற ஏற, தளிர் பெருகப் பெருக, தண்ணீரையும் கூட்ட வேண்டும். நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு கூடை போட்டு, வேரைச் சுற்றிச் சருகால் மூடினோம். தண்டை ஒட்டி மாத்திரம் சருகு கிடக்கக் கூடாது.

இளந்தளிரைத் தேடி மாவுப் பூச்சி வரும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் முதன்முதலில் கண்ட பப்பாளி மாவுப் பூச்சி, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கியதோடு செம்பருத்தியையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவித்த சின்னஞ்சிறு குளவி ஒன்றே அதை அடக்கிற்று. ஆகையால் கண்டபடி விஷ மருந்து தெளித்து அந்த நண்பனைக் கொல்ல வேண்டாம். தண்ணீரைப் பலமாகப் பீச்சிக் கழுவி, பூச்சி மொய்த்த நுனியைக் கிள்ளி அழித்தால் வீட்டுச் செடிக்குப் பெரும்பாலும் போதும். எறும்பு ஏறாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும். மாவுப் பூச்சி கசியும் இனிப்பை உண்ணுவதற்காக, அதன் எதிரிகளை விரட்டிக் காவல் காப்பது எறும்புதான்.

இரண்டு எச்சரிக்கைகள்

நந்தியாவட்டை, வெட்சி, மருதாணி, அரளி எல்லாவற்றுக்கும் இந்த மூன்று வருஷ முறை பொருந்தும். ஆனால் அரளியிடம் ஜாக்கிரதை. வேர் முதல் பூ வரையில் விஷம். கையுறை அணிந்து வெட்ட வேண்டும். வெட்டிய தழையை ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் போடலாகாது. அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது. புகையும் தீங்கு செய்யும்.

மற்றொன்று: பச்சையாக இருப்பதெல்லாம் வெட்டினால் துளிர்ப்பவை அல்ல. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் வேலியாக நிற்கும் சைப்ரஸ் போன்றவற்றுக்கு இலையில்லாத பழைய கட்டையில் உறங்கும் மொட்டு கிடையாது. பச்சை இருக்கும் வரையில்தான் வெட்டலாம். அதைத் தாண்டி வெட்டினால் அந்த இடம் என்றைக்கும் மொட்டைதான். வெட்டுவதற்கு முன், பழைய தண்டில் எங்கேனும் தானாகவே ஒரு தளிர் வந்திருக்கிறதா என்று பார்த்தால் செடியே பதில் சொல்லிவிடும்.

ஆனி மாதத்துப் பூ

முதல் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை தாயார் நம்மைக் கூப்பிட்டார். புதுக் கிளையில் முதல் பூ. மார்பு உயரத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில், ஐந்து இதழும் விரிந்து நின்றது. தாயார் அதைப் பறிக்கவில்லை. "இன்றைக்கு இது செடியிலேயே இருக்கட்டும்" என்றார். செம்பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அந்த நாள் முழுவதும் அது கிணற்றடியிலேயே இருந்தது.

மூன்றாவது தையும் சென்ற வருஷம் முடிந்துவிட்டது. இப்போது செடி ஐந்தரை அடி. அதே வேர்தான், தண்டுகள் மட்டும் புதியவை. குடலை தினமும் நிரம்புகிறது. தொரட்டிக் கோல் பரணுக்குப் போய்விட்டது.

வெட்டிய கிளைகளையும் நாம் வீணாக்கவில்லை. பென்சில் பருமனுள்ளவற்றை முக்கால் சாண் நீளத்துக்கு நறுக்கி, கணுவுக்குச் சற்றுக் கீழே அடி வெட்டு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலும் எருவும் கலந்த பைகளில் ஊன்றி நிழலில் வைத்தோம். ஒன்றரை மாதத்துக்குள் பதினொன்று வேர் பிடித்தன. அவை இப்போது தெருவில் பதினொரு வீடுகளில் இருக்கின்றன. கொண்டு போனவர்களுக்கெல்லாம் தாயார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "தலைக்கு மேலே வளர விடாதீர்கள்."

நேயர்கள் வரும் தை மாதத்தில், மழை ஓய்ந்த ஒரு காலையில், தங்கள் கொல்லைப் புதரண்டை போய் நகத்தால் ஒரு தண்டைக் கீறிப் பார்க்கட்டும். பச்சையாக இருந்தால் கடப்பாரையைத் தேட வேண்டாம். கை ரம்பத்தைச் சாணை பிடித்து, மூன்று வருஷப் பொறுமையையும் கூட வைத்துக் கொண்டால் போதும்.